தற்காலிகக் கருவி

உணவு, பால், குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தின் முன்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே இயந்திரம். ஒரு சொட்டுப் பாலை அதன் வாயில் விட்டால் எவ்வளவு தண்ணீர், என்ன மருந்து, எத்தனை கிருமி என்று நிமிஷத்தில் சொல்லிவிடுமாம். அமைச்சர் வந்துதான் அதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அமைச்சருக்கு நேரம் அமையவில்லை. பிறகு அமைச்சர் மாறினார். புது அமைச்சருக்கும் நேரம் அமையவில்லை. பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு நாடா வெளுக்கும்போதெல்லாம் அதைக் கழற்றிவிட்டுப் புது நாடா கட்டினார்கள். அந்த வேலையில் மட்டும் நிலையம் ஒருபோதும் சுணங்கியதில்லை.

இயந்திரம் பெட்டிக்குள் இருக்கிறது என்பதற்காக மாடு பால் சுரக்காமல் இருக்குமா? பால் கம்பெனிகளும் குடிநீர் வாரியமும் சான்றிதழ் கேட்டு வாசலில் நின்றன. ஆகவே இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை தற்காலிகமாக மனிதமுறைப் பரிசோதனை நடைபெறும். சோதனைக்கு வரும் பொருளில் ஒரு மடக்கை ஒரு மனிதன் உட்கொள்வான். மறுநாள் காலை அவன் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டால் பொருள் தேறியது. வராவிட்டால் தேறவில்லை. விஞ்ஞானம் இதைவிட எளிமையாக இருக்க முடியாது என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னாராம். யாரும் மறுக்கவில்லை.

அந்த மனிதனாகப் போய்ச் சேர்ந்தவர் எங்கள் தெருக்காரர். சப்ளையர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருஷம் பரிமாறியவர். முதலாளி கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட, இவர் வேலையில்லாமல் உட்கார்ந்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். மனைவியின் அண்ணன் பரிசோதனை நிலையத்தில் கண்காணிப்பாளர். தங்கை என்றால் அவருக்கு உயிர். வரும்போதெல்லாம் தங்கை மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசுவார். அவர்தான் வந்து வேலையைச் சொன்னார்.

“மாப்ள, ஒரே வேலைதான். காலையில ஒரு மடக்கு குடிக்கணும். மறுநாள் வந்து ஒரு கையெழுத்துப் போடணும். வந்துட்டீங்கன்னா சரக்கு பாஸ்.”

“வரலன்னா மச்சான்?”

“ஏன் வராம இருக்கப்போறீங்க?”

ஏன் வராமல் இருக்கப்போகிறோம் என்று சப்ளையருக்கும் தோன்றியது.

நேர்முகத் தேர்வில் இயக்குநர் கேட்டது ஒரே கேள்வி, வயிறு எப்படி என்று. சப்ளையர் உள்ளதைச் சொன்னார். கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் மிச்சம் மீதியைத்தான் சாப்பிட்டதாகவும், அதில் பாதி ஊசிப்போனதுதான் என்றும், ஒருநாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்றும் சொன்னார். இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார்.

“இந்த வயித்தத்தான் நாங்க தேடிட்டிருந்தோம். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார். படிச்சவர். எதைக் குடிச்சாலும் மறுநாள் படுத்துடுவார். ஊர்ல இருக்கிற பால் பூராவும் பெயில். நிலையத்தோட மானம் என்ன ஆகறது?”

சப்ளையர் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளும் அண்ணனுக்கு போன் செய்து நன்றி சொன்னாள்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. புதிதாக மனிதனை வேலைக்கு எடுக்க நிலையத்தில் அனுமதி இல்லை. கருவி வாங்கத்தான் அனுமதி இருந்தது. ஆகவே சப்ளையரைக் கருவியாகவே சேர்த்துக்கொண்டார்கள். “பரிசோதனைக் கருவி, மனித வகை, ஒன்று” என்று அவர் இருப்புப் பதிவேட்டில் ஏறினார். சம்பளம் பராமரிப்புச் செலவில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முதலில் வழியில்லை. மச்சான் மெனக்கெட்டு ஒரு கோப்பு தயார்செய்து மேலே அனுப்ப, அது மசகு எண்ணெய் என்ற தலைப்பில் அனுமதியாகித் திரும்பி வந்தது. சாப்பாட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சப்ளையர் கேட்டார். கேள்வி கேக்காம சாப்பிடுங்க மாப்ள என்றார் மச்சான்.

வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அதில் கருவி எண் தைத்திருந்தது. எதிர்வீட்டு லாண்டரிக்காரர் அந்தக் கோட்டைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், நம்ம தெரு ஆள் குடிச்சுப் பாத்துதான் ஊருக்கே தண்ணி விடறாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் மெல்ல நின்றுபோனது அந்தக் கோட்டினால்தான். சப்ளையர் தினமும் காலையில் தெருவைக் கடந்து போவார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் குழாயைத் திறப்போம்.

நிலையத்தில் வேதியியல் படித்த ஒரு அம்மாவும் இருந்தார். இயந்திரம் வரும் என்று அவரை எடுத்திருந்தார்கள். பெட்டி திறக்கப்படாததால் நாடா மாற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஒருநாள் சப்ளையரிடம், வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள் என்று கேட்டார். நானே பாஸ் பண்ண தண்ணியை நானே காய்ச்சினால் நல்லாயிருக்குமா என்று சப்ளையர் சிரித்தார். மச்சானிடமும் சொன்னார். அந்த அம்மாவுக்கு இங்கே வேலை இல்லாத எரிச்சல், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார் மச்சான்.

சோதனைக்கு வரும் பால், தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றுக்கும் டோக்கன் உண்டு. டோக்கன் வாங்கிய பாட்டில்கள் காத்திருப்பு அறையில் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். கொண்டுவந்த மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வரிசை நீளமானபோது பால் திரிந்துபோனது. கம்பெனிக்காரர்கள் முறையிட்டார்கள். உள்ளே வந்தபின் பால் என்ன ஆகிறது என்பது பாலின் சொந்த விவகாரம் என்று இயக்குநர் எழுத்துமூலம் பதில் கொடுத்தார்.

சப்ளையர் ஒரே ஒரு நாள் லீவு போட்டார். மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தார். கையெழுத்து விழாததால் முந்தின நாள் குடித்த பால் அத்தனையும் தேறவில்லை. ஊரில் பாதிப் பால் தடைபட்டது. தேறாத பாலின் முதலாளி ஒருவர் நிலையத்துக்கு வந்து மேஜையில் ஓங்கிக் குத்தினார். மறுநாள் இயக்குநர் சப்ளையரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்.

“நீங்க ஒருநாள் வராததால நல்ல பால் கெட்ட பாலா ஆயிடுச்சு. பொறுப்பு வேண்டாமா? பால் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும், நீங்க ஒழுங்கா வந்தா அது ஒழுங்கா இருக்கும். இனிமே லீவு கிடையாது. உங்க வருகைதான் இந்த ஊரோட ஆரோக்கியம்.”

சப்ளையர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஊர் ஆரோக்கியமே தன் தலையில் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. அதற்குப் பிறகு காய்ச்சல் அடித்தாலும் போனார். மழையில் தெரு முங்கியபோதும் கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனார்.

இப்படியிருக்கும்போது எங்கள் தெருமுனையில் சாலையைத் தோண்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை. தோண்டிவிட்டு மூடினார்கள். அதற்கடுத்து எங்கள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. லாண்டரிக்காரர்தான் முதலில் சொன்னார், துணியில் தெளித்தால் மணக்கிறது என்று. புகார் போனது. பாட்டிலில் தண்ணீர் பிடித்து நிலையத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை யாரும் குடிக்கவேண்டாம் என்று தொட்டியில் எழுதி ஒட்டினார்கள். சப்ளையரிடம் வந்துவிட்டதல்லவா, இனி கவலையில்லை என்று நாங்களும் காத்திருந்தோம்.

சப்ளையர் ஒரு மடக்குக் குடித்தார். குடித்ததும் முகம் சுளித்தார். தண்ணீரில் சாக்கடை ருசி தெரிவதாக மச்சானிடம் சொன்னார். ருசி என்று எழுத விதியில் இடமில்லை, நாளைக்கு வருகிறீர்களா இல்லையா என்பதுதான் முடிவு என்றார் மச்சான். போகும்போது மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக் கொடுத்தார். தொட்டிக்குக் குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் அப்போது இயக்குநர் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போது சப்ளையரால் எழுந்திருக்க முடியவில்லை. ஊசிப்போனதையெல்லாம் தாங்கிய வயிறு அந்த ஒரு மடக்கைத் தாங்கவில்லை. வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுபோனார். மனைவி பயந்துபோய் அண்ணனுக்கு போன் செய்தாள். சிறிது நேரத்திலேயே நிலையத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது. அண்ணன் முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தார். அவரும் ஜீப் ஓட்டுநரும் சப்ளையரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவளும் ஏறப்போனாள்.

“நீ பாப்பாவைப் பாத்துக்கம்மா. இவர நான் பாத்துக்கறேன். அண்ணன் இருக்கேன்ல?” என்றார்.

அவள் இறங்கிக்கொண்டாள்.

ஜீப் நின்ற இடம் ஆஸ்பத்திரி இல்லை. சப்ளையருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பியூன்தான் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மச்சான் அவர் கையில் பேனாவைச் சொருகினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறதுக்கு ஒரு கையெழுத்து மாப்ள, இங்க போடுங்க என்றார். சப்ளையர் போட்டார். தன்னைத் தாங்கிப்பிடித்திருந்த மச்சானின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, உங்க உதவியை மறக்க மாட்டேன் என்றார். கோட்டு மாட்டாமல் வந்ததற்கு மயக்கத்திலேயே மன்னிப்பும் கேட்டாராம்.

கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் இயக்குநர் சான்றிதழில் முத்திரை வைத்தார். கருவி உரிய நேரத்தில் வருகை தந்தது, ஆகவே தண்ணீர் பருகத் தகுந்தது. அதற்குப் பிறகுதான் ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போனது.

இங்கே சப்ளையரின் மனைவி குடத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டிருந்தாள். புருஷன் விழுந்தது தண்ணீரால்தான் என்று அவளுக்குச் சந்தேகம். லாண்டரிக்காரரும் அவர் மனைவியும் வந்து விசாரித்தபோது அதைத்தான் சொன்னாள். அவர்களும் தங்கள் வீட்டுக் குடத்தைக் கவிழ்க்கப் போனார்கள். அதற்குள் தொட்டியில் புது அறிவிப்பு ஒட்டப்பட்டுவிட்டது. பரிசோதிக்கப்பட்டது, பருகத் தகுந்தது. அண்ணனும் போன் செய்து, மாப்பிள்ளையை நல்ல இடத்தில் சேர்த்தாகிவிட்டது, ஏதோ வயிற்றுக் கோளாறு, தண்ணீரெல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்றார். அப்படியானால் இது வேறு ஏதோ என்று அவளுக்கு நிம்மதி. குடத்தை மறுபடி நிரப்பினாள். மகள் தண்ணீர் கேட்டபோது கொடுத்தாள். எதிர்வீட்டுக்கும் சத்தமாகச் சொன்னாள், தண்ணி நல்ல தண்ணிதானாம், எங்க அண்ணனே சொன்னாங்க என்று.

சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு ஆஸ்பத்திரியில் இருந்தது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், நடைபாதையில் மீதிப் பேர். சப்ளையர் கண் திறந்து பார்த்தபோது பக்கத்துக் கட்டிலில் மகள் கிடந்தாள். சின்னக் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு எதிரே லாண்டரிக்காரர். மகள் பிழைத்துக்கொண்டாள். லாண்டரிக்காரர் பிழைக்கவில்லை.

அவர் உடலை எடுத்துப் போகும்போது லாண்டரிக்காரம்மா சப்ளையரின் கட்டில் அருகே நின்றார்.

“தண்ணி நல்லதுன்னு ஒட்டியிருந்துச்சுண்ணா, நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே ஒட்டுவாங்க. அதப் பாத்துட்டுதான் குடிச்சாரு.”

திட்டவில்லை. அவ்வளவு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன கையெழுத்து என்று சப்ளையருக்கு அப்போது புரியவில்லை. தன்னை எங்கே கொண்டுபோனார்கள் என்று வேதியியல் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னபிறகுதான் புரிந்தது. சொல்லிவிட்டு அவர் அழுதார். சப்ளையர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விசாரணை நிலையத்தின் முன்கூடத்திலேயே நடந்தது. மரப்பெட்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருந்தார்கள். தெருக்காரர்களை உள்ளே விட்டார்கள். எங்களுக்குக் குடிக்க பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள், வெளியூர்த் தண்ணீர். இயக்குநர் எழுந்து பேசினார். ஓர் உயிர் போனதில் நிலையம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. ஆனால் நடைமுறையில் எந்தத் தவறும் இல்லை. விதிப்படி மாதிரி எடுக்கப்பட்டது, விதிப்படி உட்கொள்ளப்பட்டது, விதிப்படி கையெழுத்து விழுந்தது. தவறு கருவியுடையது. தண்ணீர் கெட்டிருந்தால் கருவி வந்திருக்கக் கூடாது. வந்ததனால் அது நிலையத்துக்கு உண்மைக்கு மாறான தகவலைத் தந்துவிட்டது.

“நாங்க அதை நம்பினோம்” என்றார் இயக்குநர். “எவ்வளவு பராமரிச்சோம். கடைசியில இப்படித் துரோகம் பண்ணிடுச்சு.”

சப்ளையர் எழுந்து, தான் தானாக வரவில்லை, தூக்கிக்கொண்டு வரப்பட்டதாகச் சொன்னார். கருவிகள் தூக்கிக்கொண்டுதான் வரப்படும், அதில் என்ன புதுமை என்று விசாரணை அதிகாரி கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான சான்றைச் சப்ளையர் நீட்டினார். டாக்டர் சான்று செல்லாது, பழுது பற்றி அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிவர வேண்டும் என்றார்கள்.

பிறகு கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்கள். சப்ளையர் அவரையே பார்த்தார். பின்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவியும் பார்த்தாள். அண்ணன் இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் கடைசிவரை நம்பியதாகப் பின்னால் சொன்னாள். கருவி அன்று எப்படி இருந்தது என்று கேட்டார்கள். வழக்கம்போல இருந்தது, கையெழுத்துத் தெளிவாக இருந்தது என்றார் கண்காணிப்பாளர். உங்களுக்கு அது உறவு என்று சொல்கிறார்களே என்றார்கள்.

அவர் தங்கை இருந்த பக்கம் திரும்பவில்லை.

“அலுவலக உறவு மட்டும்தாங்க” என்றார்.

கருவி பழுதானது என்று தீர்ப்பாகி, சப்ளையர் இருப்பிலிருந்து கழிக்கப்பட்டார். கழித்த பொருளை விதிப்படி ஏலம் விட வேண்டும். ஏலத்தன்று அவரை வாசலில் நிறுத்திவைத்தார்கள். யாரும் கேட்க வராததால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மச்சான் பழங்கள் வாங்கிக்கொண்டு தங்கை மகளைப் பார்க்க வந்தார். தங்கைதான் கதவைத் திறந்தாள். அவர், என் நிலைமை உனக்குத் தெரியாதா, எனக்கும் குடும்பம் இருக்கிறது, வேறு என்ன சொல்லமுடியும் என்று ஆரம்பித்தார். அவள் முழுவதையும் கேட்டாள்.

“புருஷன உங்கள நம்பி ஏத்திவிட்டேன். தண்ணிய உங்கள நம்பி என் கையாலதான் பாப்பாவுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்கும் நான்தான் சொன்னேன். இது வீடுண்ணா. அலுவலக உறவுக்காரங்கள ஆபீஸ்ல வந்து பாத்துக்கறோம்.”

கதவைச் சாத்திவிட்டாள். மச்சான் பழப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அது அழுகும்வரை அங்கேயே இருந்தது.

தெருவில் சப்ளையரிடம் யாரும் முன்போலப் பேசவில்லை. அவருக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கையெழுத்தை அவர் போட்டார் என்பதும் தெரியும். அவர் சந்தைப் பக்கம் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் நிலையம் கருணை காட்டியது. இறந்தவரின் குடும்பத்துக்கு வேலை தருவதாக அறிவித்தது. லாண்டரிக்காரம்மாவைத்தான் அழைத்தார்கள். என்ன வேலை என்று சப்ளையருக்கு யாரும் சொல்லவில்லை. எதிர்வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்து விசாரித்தவர், தெரிந்ததும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கு நடந்தார்.

பழைய அனுபவத்திலிருந்து நிலையம் பாடம் கற்றிருந்தது. கருவி வெளியே தங்குவதனால்தான் வருகையில் குழப்பம் என்று முடிவுசெய்து, வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை கட்டி அதில் குடிவைத்திருந்தார்கள். இனிமேல் வராமல் போக வழியில்லை. லாண்டரிக்காரம்மா அந்த அறை வாசலில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். கோட்டைத் தானே தேய்த்திருந்தார் போலிருக்கிறது, மடிப்புக் கலையாமல் இருந்தது. சப்ளையரைப் பார்த்ததும் எழவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

இந்த வேலை வேண்டாம்மா, வந்துடுங்க என்றார் சப்ளையர். கடைக்கு வாடகை கொடுக்க முடியாமல் காலி செய்தாயிற்று, எங்கே வருவது என்று அந்த அம்மா கேட்டார். இவரிடம் தான் பட்ட கடனுக்கு வார்த்தையால் ஈடு செய்ய முடியாது என்று சப்ளையருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

“வயிறு சரியில்லன்னு தோணுச்சுன்னா உள்ள போய்ப் படுத்துக்கங்க. யார் வந்து கூப்பிட்டாலும் சரி, எவ்வளவு பாசமாக் கூப்பிட்டாலும் சரி, கதவத் திறக்காதீங்க.”

அந்த அம்மா திரும்பி அறையின் கதவைப் பார்த்தார்.

“உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கலண்ணா” என்றார்.